"கவனக்குறைவு" என்று எழுதி மூடிய விபத்து

விபத்துப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே ஒரே வரிதான் இருந்தது: "பிரிட்ஜ் இறக்கும்போது கை நழுவியது. காரணம்: கவனக்குறைவு." கீழே உரிமையாளரின் கையெழுத்து. அதை எழுதிய மறுவாரம் அவரே, பணியிட விபத்துகளை விசாரிக்கும் என்னை அழைத்தார். எழுதி மூடியாகிவிட்டது, ஆனால் மனம் ஒப்பவில்லை என்றார். அடிபட்டவர் 11 ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். குழுவிலேயே நிதானமானவர் என்று பெயர் எடுத்தவர். "அவருக்கே கவனம் போய்விட்டது என்றால் மற்றவர்களை நான் எதை நம்பி அனுப்புவது?" என்று கேட்டார்.

கவனக்குறைவு என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. அது எழுதப்பட்டவுடன் விசாரணை முடிந்துபோகிறது. தவறு ஒரு ஆளின் தலைக்குள் நடந்ததாகிவிடுகிறது. அங்கே போய் யாரும் பார்க்க முடியாது, எதையும் திருத்தவும் முடியாது. ஆகவே அந்த வரியை ஒதுக்கிவிட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தொகுத்தேன். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை.

நிறுவனம் என்று சொல்வதே கொஞ்சம் பெரிய சொல். 2 வேன்கள், 6 பேர். வீடு மாற்றுபவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது பாதி வேலை. கடைகளில் வாங்கப்படும் கனமான பொருள்களை வீடுகளில் கொண்டு சேர்ப்பது மீதி. தொலைபேசியில் பேசுவது, கட்டணம் சொல்வது, ஆள் பிரித்து அனுப்புவது எல்லாம் உரிமையாளர்தான். ஆள் குறைந்தால் அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தூக்குவார். பாதுகாப்பு அலுவலர் என்று தனியாக ஒருவர் இல்லை. இந்த அளவுத் தொழிலில் இருக்கவும் மாட்டார்.

படிக்கட்டில்

அன்றைக்கு அது இரண்டாவது வேலை. முதல் வீடு எதிர்பார்த்ததை விட இரண்டு மணி நேரம் கூடுதலாக இழுத்துவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு குடியிருப்பு. அனுப்பப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த மூத்தவர். மற்றவர் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆன இளைஞர். சிறு சாமான்களை லிப்டில் இறக்கிவிட்டார்கள். பிரிட்ஜை உருட்டிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, அதன் குறுகிய பக்கமே லிப்ட் வாசலை விட இரண்டு விரல் அகலம் என்று.

உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். "எப்படியாவது படி வழியாக இறக்கிவிடுங்கள், அடுத்த வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அவர் பதில் சொன்னார். இதை எனக்குச் சொன்னவரும் அவரேதான். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

பிரிட்ஜைச் சாய்த்து, கம்ப்ரசர் இருக்கும் அடிப்பக்கம் கீழே வருமாறு பிடித்தார்கள். மூத்தவர் கீழ்ப்பக்கம், பின்னோக்கி இறங்கியபடி. இளைஞர் மேலே. முதல் திருப்பத்தில் இளைஞர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, கொஞ்சம் கீழே வைக்கலாமா?" மூத்தவர் சொன்னது: "இந்தத் திருப்பத்தைத் தாண்டிவிடலாம் தம்பி." இளைஞர் மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் விசாரித்தபோது, "ஒரு தடவை கேட்டுவிட்டேனே" என்றார்.

திருப்பத்தைத் தாண்டி நான்காவது படியில் தண்ணீர் வந்தது. பிரிட்ஜை அன்று காலையில்தான் மின்சாரத்திலிருந்து கழற்றியிருந்தார்கள். உள்ளே உறைந்திருந்த பனி உருகி, கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் சிறு தட்டில் சேர்ந்திருக்கிறது. தட்டு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சாய்வு ஓர் அளவு வரைக்கும் அது நீரைத் தாங்கியது, பிறகு மொத்தமாகக் கவிழ்ந்தது. ஒரு குவளை கூட இருக்காது. அது நேராக மூத்தவரின் கையுறைகளில் விழுந்தது. சாதாரணப் பருத்திக் கையுறை; நனைந்ததும் உலோக விளிம்பில் வழுக்கியது. இடது கை நழுவ, பெட்டி சுவர்ப்பக்கம் திரும்பியது. அவர் விட்டுவிட்டு விலகியிருக்கலாம், ஆனால் விட்டால் மேலே இருப்பவனையும் இழுத்துக்கொண்டு போகும் என்று நினைத்து மறுபடி பிடிக்கக் கையைக் கொடுத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கின. மோதிர விரலில் எலும்பு முறிவு. உடம்பை முறுக்கித் தாங்கியதில் இடுப்புப் பிடிப்பு. 7 வாரம் வேலைக்கு வரவில்லை.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன். அந்த மனிதர் கடைசி நொடி வரைக்கும் தன்னை விட மேலே நின்றவரைக் கவனித்திருக்கிறார்.

சரிபாதி என்ற நம்பிக்கை

பிரிட்ஜின் எடை 80 கிலோ, கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 40 என்றுதான் எல்லோரும் மனத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சமதளத்தில் அது சரி. படிக்கட்டில் சரியில்லை.

பெட்டியின் நீளம் 180 செ.மீ., கனம் 70 செ.மீ. என்று கொள்ளுங்கள். படுக்கவைத்து இரண்டு முனைகளிலும் அடி விளிம்பைப் பிடிக்கிறார்கள். எடையின் மையம் பிடிக்கும் கோட்டுக்கு 35 செ.மீ. மேலே இருக்கிறது. படிக்கட்டின் சரிவுக்கு ஏற்பப் பெட்டி சுமார் 35 பாகை சாயும்போது, அந்த மையம் கீழே நிற்பவரை நோக்கி நகர்கிறது. கணக்குப் போட்டால் கீழே நிற்பவருக்கு 51 கிலோ, மேலே நிற்பவருக்கு 29 கிலோ. மையம் சரியாக நடுவில் இருந்தால்தான் இதுவும். பிரிட்ஜில் கம்ப்ரசர் அடியில் இருக்கிறது. அந்த முனையைக் கீழே விட்டால் கீழே நிற்பவரின் பங்கு 51-ஐயும் தாண்டும். அதாவது, குழுவின் அனுபவசாலி மரியாதையோடு தானே ஏற்றுக்கொண்ட இடம், மேலே நிற்பவரின் சுமையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விழும் இடம். அதுவும் பின்னோக்கி நடந்தபடி, காலடியைப் பார்க்க முடியாமல்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் வரைந்து காட்டியபோது இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. "எனக்கு அன்றைக்குக் கனமாகவே தெரியவில்லை. அதனால்தான் அண்ணன் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டேன்" என்றார். சுமைக்கு மேலே நிற்பவரிடம் ஆபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியவர் கீழே இருப்பவர், அவரோ பெருமைக்காரர்.

மூன்றாவது ஆள் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்பது உரிமையாளரின் முதல் யோசனை. பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் கையால் சுமை தூக்குவதற்கான 1992 விதிகளை ஒட்டித் தரும் வழிகாட்டல் இங்கே உதவும். ஓர் ஆண், உடலை ஒட்டி, இடுப்பு உயரத்தை ஒட்டிய நல்ல நிலையில் தூக்கும்போது 25 கிலோ; பெண்ணுக்கு 16. இவை சட்ட வரம்புகள் அல்ல. தாண்டினால் உட்கார்ந்து யோசி என்பதற்கான கோடுகள். அதே வழிகாட்டல், இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது அவர்களின் திறனைக் கூட்டி அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மூன்று பேர் என்றால் பாதி. ஒருவர் கால் வைக்கும் இடத்தில் மற்றவர் கால், ஒருவர் வேகம் மற்றவருக்குப் பொருந்தாது, ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஆக இரண்டு பேருக்குச் சுமார் 33 கிலோ, மூன்று பேருக்கு 37-க்குச் சற்று மேல். மூன்றாவது ஆள் கூட்டித் தருவது நான்கு கிலோ! 80 கிலோ பெட்டியைப் படிக்கட்டில் இறக்க ஆள் சேர்ப்பது பதில் இல்லை. சக்கரம் சேர்ப்பதுதான் பதில்.

அந்தச் சக்கரம் நிறுவனத்திடம் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். படியேறும் தள்ளுவண்டி ஒன்று, ஒவ்வொரு பக்கமும் மூன்று சக்கரங்கள் முக்கோணமாய்ச் சுழலும் வகை, பட்டையோடு. அன்று அது இன்னொரு வேனில், தரைத்தளக் கடை ஒன்றில் அட்டைப்பெட்டி இறக்கும் வேலைக்குப் போயிருந்தது. வேனை விட்டு இறக்கப்படவே இல்லை.

தொலைபேசியில் நடந்த விபத்து

வேலைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். "3-ம் மாடி. லிப்ட் உண்டு. பிரிட்ஜ் 1, கட்டில் 2, பெட்டிகள் 20." அவ்வளவுதான். விபத்து பிரிட்ஜை இறக்கும்போது நடந்ததாகப் பதிவேடு சொல்கிறது. என்னைக் கேட்டால் அது இந்தச் சீட்டில், வேலைக்கு ஐந்து நாள் முன்பே நடந்துவிட்டது. லிப்ட் உண்டு என்று எழுதியவர் அதற்குள் பிரிட்ஜ் நுழையுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தள்ளுவண்டி சரியான வேனில் ஏறியிருக்கும். முந்தைய நாளே பிரிட்ஜை அணைத்து, தண்ணீரை வடித்துத் துடைத்து வையுங்கள் என்று சொல்ல ஒரு வாய்ப்பும் கிடைத்திருக்கும். ஐந்து நிமிடப் பேச்சு.

உரிமையாளர் உற்சாகமாகி 22 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்தார். இரண்டு வாரத்தில் அது செத்தது. வாடிக்கையாளர்கள் பாதியில் தொலைபேசியை வைத்தார்கள்; அவரே கடைசிப் பத்துக் கேள்விகளுக்குக் கேட்காமலே கோடு போட்டு நிரப்பத் தொடங்கினார். நானும் அந்தப் படிவத்துக்குத் தலையாட்டியவன்தான், ஆகவே பழியில் எனக்கும் பங்கு உண்டு. பிறகு ஆறாகக் குறைத்தோம். ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பொருள்கள் எவை? எத்தனை படி, எத்தனை திருப்பம்? லிப்ட் வாசலின் அகலம் என்ன? வேன் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? பிரிட்ஜ், சலவை இயந்திரம் எப்போது கழற்றப்படும்? வீட்டில் நாய், சிறு குழந்தை, எரிவாயு உருளை உண்டா? அகலம் கேட்டால் யாருக்கும் தெரியாது. அளவு நாடாவை ஒட்டிப் பிடித்துப் படம் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறார்கள்.

எடையைத் தொலைபேசியில் கேட்பது இன்னும் கடினம். புத்தகப் பெட்டி கனமா என்று கேட்டால், "அப்படி ஒன்றும் இல்லை" என்பார்கள். இதற்கு ஓர் அளவுகோல் கண்டுபிடித்தது அந்த இளைஞர்தான். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு 2.5 கிலோ, ஐந்து கட்டு அடங்கிய பெட்டி 12.5 கிலோ. அலுவலகத்தில் வேலை பார்த்த யாரும் அந்தப் பெட்டியை ஒரு தடவையாவது நகர்த்தியிருப்பார்கள். "அதைப் போல எத்தனை மடங்கு?" என்று கேட்டால் ஓரளவு நம்பத்தக்க பதில் வருகிறது. புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள் என்பதும் இப்போது அழைப்பின்போதே சொல்லப்படுகிறது.

முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்துக்குத் தனிக் குறிப்பு வைத்தோம். உள்ளே அதிர்வைத் தாங்குவதற்காகக் கான்கிரீட் கட்டி இருக்கும். எடை 60 முதல் 80 கிலோ வரை போகலாம், பார்க்கச் சிறிதாகத்தான் தெரியும். இயந்திரத்தை நகர்த்தும்போது உள்ளே உருளை ஆடாமல் பூட்டும் பயணத் திருகுகளைப் பெரும்பாலானோர் வாங்கிய அன்றே எங்கோ போட்டுவிடுவார்கள்.

இடுப்புப் பட்டை

விபத்து நடந்த மூன்றாம் நாளே உரிமையாளர் ஆறு பேருக்கும் அகலமான இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். நல்ல மனசு. ஆனால் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நையோஷ், கடை ஊழியர்களிடம் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டை கட்டியவர்களுக்கு முதுகுக் காயமோ வலியோ குறைந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. என் கவலை வேறு: பட்டை கட்டியவர் தன்னால் கூடுதலாகத் தூக்க முடியும் என்று நம்பத் தொடங்குகிறார். முழங்காலை மடி, முதுகை நேராக வை என்ற பயிற்சி மட்டும் தனியாக முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்கும் ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. பயிற்சி கூடாது என்று சொல்லவில்லை. பயிற்சி கொடுத்துவிட்டு அதே பெட்டியை அதே படிக்கட்டில் தூக்கச் சொல்வது கூடாது.

இதைவிடப் பயன்பட்டது நையோஷின் இன்னொரு கணக்கு. ஒருவர் எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிடும் அதன் 1991 சமன்பாடு மிக நல்ல நிலையில் 23 கிலோவில் தொடங்குகிறது. சுமை உடம்பை விட்டு விலக விலக அந்த எண் குறையும். கணுக்கால் கோட்டிலிருந்து கைப்பிடி 25 செ.மீ. தூரம் என்றால் முழு அளவு, 50 செ.மீ. என்றால் பாதி. வேனுக்குள் எட்டிப் பெட்டியை இழுக்கும்போது கை தூரம் எளிதில் அவ்வளவு ஆகிறது. 23 கிலோவுக்கு ஏற்ற ஆள் அந்த நொடியில் பதினொன்றரைக்குத்தான் ஏற்றவர். ஆகவே வேனின் தளத்தில் ஒரு கொக்கிக் கம்பி வைத்தோம். பெட்டியை முதலில் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு, பிறகு உடம்போடு அணைத்துத் தூக்குவது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கையுறையை மாற்றினோம்: உள்ளங்கையில் ரப்பர் பூசியது, ஈரத்திலும் பிடிப்பது. காலணியில் எஃகு மூக்கு ஏற்கெனவே எல்லோருக்கும் இருந்தது. இரண்டு பேர் அணியவில்லை, இப்போது அணிகிறார்கள்.

ஒரே எழுத்து

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஓர் எழுத்துதான்: "வை." தூக்கிக்கொண்டிருப்பவர்களில் யார் சொன்னாலும் சுமை உடனே அடுத்த படியிலோ தரையிலோ அமர வேண்டும். காரணம் பிறகு. அண்ணன், தம்பி, முதலாளி என்ற வித்தியாசம் இல்லை. "வைக்கலாமா?" என்ற கேள்விக்கு "வேண்டாம்" என்ற பதில் உண்டு. "வை" என்பதற்குப் பதில் இல்லை.

முதல் மாதம் யாரும் சொல்லவில்லை. வெட்கம். பிறகு உரிமையாளரே ஒரு பீரோவைத் தூக்கும்போது, வேண்டுமென்றே என்று நினைக்கிறேன், இரண்டு தடவை சொன்னார். அதன் பின் வாய் திறந்தது.

வேனுக்குள் பார்த்தது

பிரிட்ஜ் விஷயமாகப் போனவன் வேனின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். கேட்காத இடத்தில் மூக்கை நுழைப்பது இந்த வேலையின் பாதி. உள்ளே சாமான்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி நின்றன. ஒரு நைலான் கயிறு குறுக்கே ஓடியது. நெருக்கமாக இருப்பதால் நகராது என்றார்கள்.

சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தர அளவு, அவசர பிரேக்கில் சரக்கு அதன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே தள்ளும் என்று கொள்ளச் சொல்கிறது. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5. அதே 80 கிலோ பிரிட்ஜ் என்றால் 64 கிலோ எடைக்குச் சமமான தள்ளல், ஓட்டுநர் முதுகை நோக்கி. நைலான் கயிறு இழுபடும், முடிச்சு இளகும். இப்போது ராட்செட் பட்டைகள் (பிடியை அசைத்து இறுக்கும் பட்டைகள்), வேனின் சட்டத்தில் இருக்கும் வளையங்களோடு இணைத்து. கனமானவை கீழே, முன் தடுப்பை ஒட்டி. தாங்குதிறன் அச்சிட்ட சீட்டு கிழிந்துபோன பட்டையையும், ஓரம் அறுந்த பட்டையையும் வெட்டிப் போடச் சொன்னேன். வெட்டாமல் ஓரமாக வைத்தால் அவசரத்தில் மறுபடி கைக்கு வந்துவிடும்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நிற்பது, ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் தெரியாத நொடியில் வண்டி நிற்பது: இதை அவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னும் தீராதது

ஒரு சிறு நோட்டு வேனில் இருக்கிறது. அடிபடாமல் தப்பியவற்றை எழுத. பெயர் எழுத வேண்டியதில்லை, கையெழுத்தை வைத்து எல்லோருக்கும் தெரியும் என்றாலும். வழுக்கிய படி, கழன்ற கைப்பிடி, வேனின் பின்புறம் சுமையை ஏற்றி இறக்கும் தட்டின் ஓரத்தில் நின்ற கால். உரிமையாளர் வாரம் ஒரு தடவை படித்து, என்ன செய்தார் என்று பக்கத்தில் எழுதுகிறார். எழுதாத வாரத்துக்கு அடுத்த வாரம் பதிவுகள் குறைந்துவிடுகின்றன. அவ்வளவு நுட்பமான கருவி அது.

தீராத விஷயம் ஊக்கத்தொகை. ஒரு நாளைக்கு இத்தனை வேலை முடித்தால் இவ்வளவு கூடுதல் என்ற பழைய ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அன்றைக்கு இருவரும் தள்ளுவண்டிக்காகக் காத்திருக்காததற்கு முதலாளியின் அவசரம் பாதிக் காரணம். இந்தத் தொகை மீதி. எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். எடுத்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்றார் உரிமையாளர். ஆட்களைத் தனியாகக் கேட்டேன். எடுக்கக் கூடாது என்றார்கள், அடிபட்டவர் உள்பட. மாதச் சம்பளத்தோடு சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூத்தவர் திரும்பி வந்துவிட்டார். மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. ராட்செட்டை வலது கையால் இறுக்குகிறார். கடைசியாக நான் போன அன்று நோட்டில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரு பதிவு இருந்தது: "பியானோ. இரண்டாம் மாடி. 200 கிலோவுக்கு மேல். சீட்டில் மேசை என்று எழுதியிருந்தது. எடுக்காமல் வந்துவிட்டோம்." பக்கத்தில் உரிமையாளர் எழுதியிருந்தார்: "சீட்டு எழுதியது நான். வாடிக்கையாளரிடம் பேசிவிட்டேன்."